பலகையில் எழுபத்தொன்று

என் வீட்டுக்காரர் நசுருல்லாவுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் காலையில் ஒரு வாய், மாலையில் ஒரு வாய். காலையில் தொப்பியும் கையுறையுமாக வாசலில் நின்று, "மஸ்தான், இன்னைக்கி நாப்பத்தஞ்சுதான், பாத்துக்க" என்று என்னிடம் சொல்வார். மாலையில் ஷூவைக் கழற்றும்போது காற்றைத் திட்டுவார். காற்று இல்லாத நாளில் வெயிலைத் திட்டுவார். வெயிலும் இல்லையென்றால் ஆடுகள். ஆறு வருடமாக நாற்பத்தைந்து வராமல் போனதற்கு அவர் மட்டும் ஒரு நாளும் காரணமாக இருந்ததில்லை.

கோல்ஃப் என்றால் என்னவென்று எனக்கும் முதலில் தெரியாதுதான். ஒரு சின்னப் பந்தைக் கம்பியால் அடித்து அடித்துத் தூரத்தில் இருக்கிற குழியில் போட வேண்டும். அப்படி ஒன்பது குழி. மொத்தம் எத்தனை அடி ஆனதோ அதுதான் எண். எண் குறையக் குறைய ஆட்டக்காரர் கெட்டிக்காரர். நாற்பத்தைந்து என்றால் நல்ல ஆட்டம். இவருடைய ஆட்டம் எவ்வளவு என்பது எனக்கும் எங்கள் வாஷிங் மெஷினுக்கும் மட்டும் தெரியும். துவைக்கப் போடும்போது சட்டைப் பையில் எண் எழுதிய அட்டை இருக்கும். எழுபத்து நான்கு. எழுபத்தொன்று. அறுபத்தொன்பது. எழுபத்து மூன்று. பார்ப்பேன், கிழித்துப் போடுவேன், ஒன்றும் கேட்க மாட்டேன். சேலத்தில் நாலு பேர் மதிக்கிற டயர் கடைக்காரர். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் பொய் சொல்லிவிட்டுப் போகட்டுமே என்று விட்டிருந்தேன்.

மைதானம் எருமப்பட்டியில் இருக்கிறது. வெங்கடாசலம் அண்ணனுடைய நிலம். ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போடுகிற ரிக் வண்டிகள் வைத்திருப்பவர், அவற்றுக்கெல்லாம் டயர் எங்கள் கடையில்தான். ஆப்பிரிக்காவில் நாலு வருடம் போர் போடப் போன இடத்தில் இந்த விளையாட்டைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். மழையில்லாத சரளைக் காட்டில் புல் எங்கே முளைக்கும்? அதனால் குழியைச் சுற்றி மட்டும் மணலைக் கொட்டி, ரிக் வண்டியின் வேஸ்ட் ஆயிலை ஊற்றிப் பிசைந்து, உருளை போட்டுச் சமப்படுத்தி வைத்திருக்கிறார். பார்க்கக் கறுப்பு மெத்தை மாதிரி இருக்கும். அதன் மேல் நடந்த சாக்ஸ் எந்தச் சோப்புக்கும் வெளுக்காது, அது என் பாடு.

அங்கே ஒரு கோப்பையும் உண்டு. ஆட்டம் தொடங்கும் முன் ஒவ்வொருவரும் தான் எத்தனை அடியில் முடிப்போம் என்று பலகையில் சாக்பீஸால் எழுத வேண்டும். எழுதியதை அழிக்கக் கூடாது. எழுதிய எண்ணும் வந்த எண்ணும் ஒன்றாக இருந்தால் கோப்பை. ஒன்று கூடினாலும் கிடையாது, ஒன்று குறைந்தாலும் கிடையாது. சொன்ன அடியில் தண்ணீர் வந்தால்தான் ரிக் வண்டிக்காரனுக்குப் பெயர் என்பது வெங்கடாசலம் அண்ணனின் கட்சி. ஆறு வருடத்தில் அந்தக் கோப்பையை ஒருவரும் தொட்டதில்லை. நாமக்கல்லில் வாங்கியபோது சுற்றிக் கொடுத்த பிளாஸ்டிக் தாள்கூடப் பிரிக்காமல் கொட்டகையில் ஃபிரிட்ஜ் மேல் உட்கார்ந்திருக்கிறது.

ஏன் கிடைக்கவில்லை என்பது எனக்கு மட்டும்தான் விளங்கியிருந்தது. போர் போடுகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வண்டியை நிறுத்தியதும் "முந்நூறு அடியில தண்ணிங்க" என்பார்கள். தொள்ளாயிரம் என்று தெரிந்தாலும் வாயைத் திறந்து சொல்ல மாட்டார்கள். சொன்னால் அது பலித்துவிடுமாம். அதே வாயோடு இங்கே வந்து நின்றால் பலகையில் எப்படி எழுபது எழுதுவார்கள்? நாற்பத்து மூன்று, நாற்பத்தைந்து, நாற்பத்தாறு என்று எழுதிவிட்டு எழுபதும் எண்பதும் அடித்துக்கொண்டு வருவார்கள். ரிக்குக்கும் இவருக்கும் டயர் வியாபாரம் தவிர வேறு சம்பந்தமில்லை. ஆனாலும் அந்த வியாதி இவருக்கும் ஒட்டிக்கொண்டது.

இதெல்லாம் யாருக்கும் கெடுதல் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது, எங்கள் மகள் ஷிரீனுக்கு ஆத்தூரிலிருந்து சம்பந்தம் வருகிற வரைக்கும்.

மாப்பிள்ளை முபஷிர் பெங்களூரில் வேலை பார்க்கிறார். எங்களுக்குச் சம்பந்தியாகப் போகிற அவருடைய அத்தாவுக்கு ஆத்தூரில் ஜவ்வரிசி ஆலை. நல்ல மனிதர்கள். ஷிரீனுக்குப் பையனைப் பிடித்திருந்தது. அவள் வாயால் சொல்லவில்லை, போன் வந்தால் மொட்டை மாடிக்குப் போகிற வேகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஆனால் ஆத்தூர் சம்பந்தியைப் பற்றி ஒரு கதை எங்கள் காதில் விழுந்திருந்தது. இதற்கு முன் பேசிய ஓரிடத்தில் பெண்ணின் அத்தா தன் வீட்டுக்கு மாடி இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். போய்ப் பார்த்தால் மாடி இல்லை. அன்றைக்கே முறித்துக்கொண்டு வந்துவிட்டாராம். "மாடி இல்லாததுக்கு இல்லை, இருக்குன்னு சொன்னதுக்கு" என்றாராம்.

அப்படிப்பட்டவர் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, மகனைப் பார்க்கப் பெங்களூர் போகும்போதெல்லாம் கோல்ஃப் ஆடுவதாகவும் நாற்பத்திரண்டு அடிப்பதாகவும் சொன்னார். தேநீர்த் தட்டோடு நின்ற எனக்குப் பகீரென்றது. இவர் வாயைத் திறப்பதற்கு முன் ஒரு பிஸ்கட்டையாவது உள்ளே திணித்துவிட நினைத்தேன். முடியவில்லை.

"நமக்கு நாப்பத்தஞ்சு" என்றார் இவர், கூச்சப்படுகிற மாதிரி.

"அடடே! அப்ப தேதி முடிவு பண்றதை உங்க மைதானத்துலயே வச்சுக்குவோம். ஒரு ஆட்டம் ஆடிட்டு, சாப்பிட்டுட்டு, நிக்காஹ் தேதியைக் குறிச்சிருவோம்" என்றார் சம்பந்தி.

அவர்கள் போனதும் இவர் பதினைந்து நாள் இருக்கிறது, பழகிக்கொள்ளலாம் என்றார். ஷிரீன் என்னைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள். "அம்மா, அத்தா நிஜமா நாப்பத்தஞ்சு அடிப்பாங்களா?" அவள் முகத்தைப் பார்த்து என்னால் பொய் சொல்ல முடியவில்லை. "துவா செய்" என்று மட்டும் சொன்னேன்.

அந்த ஞாயிறு விடிந்ததும் பிரியாணி அண்டாவைக் காரில் ஏற்றிக்கொண்டு எருமப்பட்டிக்குப் போய்ச் சேர்ந்தோம். ஆத்தூர்க்காரர்கள் ராசிபுரம் வழியாக எங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார்கள். சம்பந்தி வெள்ளைக் காற்சட்டை, வெள்ளைத் தொப்பி, பளபளவென்று ஒரு பை. சம்பந்தியம்மா பிளாஸ்டிக் நாற்காலியில் விசிறிக்கொண்டிருந்தார். கோழிப்பண்ணை சின்னண்ணன் எண்ணுவதற்கென்று நோட்டோடு தயாராக நின்றார். பண்ணையில் முட்டை எண்ணிப் பழகியவர், அவர் எண்ணிக்கை தப்பாது.

சம்பந்தி சாக்பீஸை வாங்கி அழகாக 42 என்று எழுதினார். வெங்கடாசலம் அண்ணன் 44. அடுத்து இவர். கை பலகைக்குப் போனது, நின்றது. என் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். முப்பது வருடத்தில் அந்தப் பார்வையை நான் இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன். ஒன்று ஷிரீன் பிறந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில், இன்னொன்று இது.

எனக்கு அப்போதுதான் புத்தி வேலை செய்தது. இவர் என்ன எழுதினாலும் இரண்டு மணி நேரத்தில் எழுபது சொச்சம் வந்து நிற்கப் போகிறது. முன்னால் நாற்பத்தைந்து இருந்தால் அது பொய். முன்னாலேயே எழுபது சொச்சம் இருந்தால்? எழுந்து போய் அவர் கையிலிருந்த சாக்பீஸை வாங்கிப் பெரிதாக எழுதினேன். 71.

முதலில் அலறியது வெங்கடாசலம் அண்ணன்தான்.

"ஏனுங்க தங்கச்சி, இப்படி எழுதிப்போட்டீங்க! எழுதுனா பலிச்சுப் போயிருமுங்க!"

"பலிக்கட்டும்ண்ணே."

"ஒரு அம்பதாவது எழுதியிருக்கலாமுங்க. பாய் பாவமுங்க."

சம்பந்தி கண்ணாடியைத் தூக்கிப் பலகையைப் பார்த்தார். பிறகு இவரைப் பார்த்தார். "அன்னைக்கி நாப்பத்தஞ்சுன்னு சொன்னீங்களே சம்பந்தி?"

இவர் கையுறையை இழுத்து இழுத்துச் சரிசெய்தார். நான்தான் சொன்னேன். "நாப்பத்தஞ்சு அவங்க ஆசைங்க. அவங்க ஆட்டம் இது. ஆறு வருசமா அவங்க சட்டையைத் துவைக்கிறேன், எனக்குத் தெரியும்."

சம்பந்தி பையிலிருந்து கம்பியை உருவிக்கொண்டு நடந்தார். அது நல்லதா கெட்டதா என்று தெரியாமல் ஷிரீன் துப்பட்டா முனையைத் திருகிக்கொண்டிருந்தாள். இவர் கம்பியை எடுத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்க்காமல் வெயிலில் இறங்கினார். நான் குடையை விரித்துக்கொண்டு பின்னாலேயே போனேன். பேசாவிட்டால் போகட்டும், பார்க்காமல் என்னால் உட்கார்ந்திருக்க முடியாது.

முதல் குழி இவருக்கு எட்டு அடி. வழக்கமாக முதல் குழியில் எட்டு வந்தால் அந்த நாளே இவருக்குப் பாழ் என்று கேள்வி. அன்று யாரும் உச்சுக் கொட்டவில்லை. எழுபத்தொன்று எழுதியவருக்கு எட்டு வந்தால் அதில் என்ன அதிசயம்? இரண்டாவதில் ஏழு. மூன்றாவதில் பந்து ஒரு பனைமரத்தில் மோதி, அடித்த இடத்துக்கும் பின்னால் போய் விழுந்தது. இவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சட்டென்று சிரித்துவிட்டார். கடகடவென்று, தோள் குலுங்க. "இதுவும் உன் எழுபத்தொண்ணுல சேந்ததுதானே?" என்றார்.

"அதுக்கும் சேத்துத்தான் எழுதினேன்" என்றேன். கோபம் அந்தப் பனைமரத்தோடு போயிற்று. அந்தக் குழி ஒன்பது அடி.

அதன் பிறகு இவர் ஆடியது வேறு ஆட்டம். பிடியைத் தளர்த்திவிட்டு, சின்னண்ணனோடு தீவன விலை பேசிக்கொண்டு, பந்து ஓணான் இருக்கிற புதருக்குள் போனால் ஓணானுக்கு ஸலாம் சொல்லிவிட்டு எடுத்துக்கொண்டு வந்தார்.

பாவம், சம்பந்திதான். நாற்பத்திரண்டு என்று எழுதிவிட்டாரே! முதல் குழியிலேயே ஒன்பது. கறுப்பு மணலில் பந்து உருளாது என்றார். பெங்களூர்ப் புல் வேறு என்றார். மூன்றாவது குழியில் காற்றைத் திட்டினார். நான்காவதில் கோழிப்பண்ணை வாடையில் கவனம் சிதறுகிறது என்றபோது சின்னண்ணன் முகம் சுருங்கியது. ஆறு வருடமாக ஞாயிறு மாலைகளில் என் வீட்டு வாசலில் நான் கேட்ட அத்தனையும், அதே வரிசையில், வேறொரு மனிதர் வாயிலிருந்து வந்தது. எனக்குச் சிரிப்பை அடக்கக் குடை தேவைப்பட்டது.

ஐந்தாவது குழி முடிந்தபோது சின்னண்ணன் நோட்டைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, உங்க நாப்பத்திரண்டு முடிஞ்சு போச்சுங்க. நாப்பத்து மூணு ஆயிருச்சு. இன்னும் நாலு குழி இருக்குதுங்க" என்றார் மரியாதையாக. சம்பந்தி தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்தார். அவரைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. இவர் போய்த் தன் தண்ணீர் பாட்டிலை நீட்டி, "விடுங்க சம்பந்தி, இந்த ஆட்டுக்கு அடக்கமே கிடையாது, போன வாரம் என் பந்தைத் தின்னுருச்சு" என்று தூரத்தில் மேய்ந்த ஒரு ஆட்டைக் காட்டினார். சம்பந்தி முதல் தடவையாகச் சிரித்தார்.

எட்டுக் குழி முடிந்ததும் சின்னண்ணன் கூட்டிச் சொன்னார். இவருக்கு அறுபத்திரண்டு. கடைசிக் குழியில் ஒன்பது அடித்தால் சரியாக எழுபத்தொன்று. அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. கோப்பை!

கொட்டகையில் இருந்த பெண்கள்கூட எழுந்து ஒன்பதாவது குழிக்கு வந்துவிட்டார்கள். வெங்கடாசலம் அண்ணன் தன் ஆட்டத்தை விட்டுவிட்டு இவர் பின்னால் நடந்தார். முதல் அடி, இரண்டாவது அடி, மூன்றாவது பள்ளத்தில். நான்காவது அங்கேயே. ஐந்தாவது வெளியே வந்தது. ஆறாவது மணலில் ஏறியது. ஏழாவது உருண்டு உருண்டு போய்க் குழிக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது.

அறுபத்தொன்பது ஆகியிருந்தது. ஒரு சாண். சம்பந்தியம்மாவின் விசிறிக் காம்பால் தட்டினாலும் விழுந்துவிடும். விழுந்தால் எழுபது.

"பாய்!" என்று வெங்கடாசலம் அண்ணன் மூச்சைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "போட்டுப்போடாதீங்க. மெல்ல ஓரமாத் தட்டி விடுங்க. தப்பிப் போகட்டும். அடுத்ததுல போடுங்க. எழுபத்தொண்ணுங்க! கோப்பைங்க!"

சின்னண்ணன் ஏற்கெனவே கொட்டகைக்கு ஓடி, கோப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து நின்றார். பிளாஸ்டிக் தாள் வெயிலில் மின்னியது. "ஆறு வருசமாச்சுங்க பாய். யாராச்சும் ஒருத்தரு வாங்கித் தொலைங்க. பிரிச்சுப் பாக்கோணும்னு ஆசையா இருக்குதுங்க."

மறைப்பானேன், நானும் ஆசைப்பட்டேன். கோப்பைக்காக இல்லை. அந்த எண்ணை எழுதியது நான். அது சரியாக வந்துவிட்டால் ஊரே மெச்சும். ஒரு பந்து ஒரு விரல் அகலம் தள்ளிப் போவதில் யாருக்கு என்ன நஷ்டம்? சம்பந்தி கம்பியை ஊன்றிக்கொண்டு இவருடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தார். மாடி இருக்கிறதா என்று அண்ணாந்து பார்த்தபோதும் இப்படித்தான் பார்த்திருப்பார் என்று தோன்றியது.

இவர் என்னைப் பார்த்தார். "என்ன சொல்றே மஸ்தான்?"

என்ன சொல்ல? இத்தனை பேரும் கேட்கிற மாதிரித் தப்பாக அடியுங்கள் என்றா? "பந்து உங்களுது. அடிங்க" என்றேன்.

குனிந்தார். பிஸ்மி சொல்வது உதட்டில் தெரிந்தது. நேராகத் தட்டினார். பந்து ஒரு சாணைக் கடந்து, வளையாமல், தயங்காமல், குழிக்குள் விழுந்தது. டொக்கென்று அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது.

எழுபது.

சின்னண்ணன் "ஐயோ" என்றார். வெங்கடாசலம் அண்ணன் தலையில் கை வைத்தார். இவர் கம்பியை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு, ஐம்பத்தெட்டு வயதில், அந்த எண்ணெய் மணலில் குதித்தார். "மஸ்தான்! ஒண்ணு கொறைச்சுட்டேன்! பலகையில எழுதுனதை விட ஒண்ணு கொறைச்சுட்டேன்!"

ஆறு வருடத்தில் எழுதியதை விட நல்ல எண் இவருக்கு வந்தது அன்றுதான். அவருக்கு மட்டும் என்ன, அந்த மைதானத்தில் யாருக்குமே அன்றுதான். ஷிரீன் ஓடிப்போய் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நான் குடையைச் சாய்த்து முகத்தை மறைத்துக்கொண்டேன். அழுகை வந்துவிட்டது. சந்தோஷத்தில்தான், வேறென்ன.

சம்பந்திக்கு எழுபத்தெட்டு. அவர் நேராக என்னிடம் வந்தார். "உங்க எண்ணு ஒண்ணு தப்பிருச்சேம்மா" என்றார்.

"தப்பட்டுங்க. இப்படித் தப்புறது நல்லதுதானே?"

"தப்பா அடிச்சிருந்தா கோப்பை அவருக்கு. ஒரு சாண்தான்." கொஞ்ச நேரம் அந்தக் குழியையே பார்த்தார். "அடுத்த தடவை என் எண்ணையும் நீங்களே எழுதிக் குடுத்துருங்க. எனக்கு எழுதத் தெரியலை."

பிரியாணி சாப்பிடும்போதே தேதி குறித்தாகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டிலிருந்து எத்தனை பேர் வருவீர்கள் என்று நான் கேட்டேன். "ஒரு இருநூறு பேர்தான்" என்று சம்பந்தி ஆரம்பித்தார். நான் பலகையைத் திரும்பிப் பார்த்தேன். அவரும் பார்த்தார். "நானூறுன்னு வச்சுக்குங்க" என்றார். சம்பந்தியம்மா சிரித்துப் புரையேறி, வெங்கடாசலம் அண்ணன் தண்ணீர் எடுக்க ஓடினார். கோப்பை பிரிக்கப்படாமலே ஃபிரிட்ஜ் மேல் திரும்ப ஏறியது.

சேலத்துக்குத் திரும்பும்போது ஷிரீன் பின் சீட்டில் போனோடு இருந்தாள். இவர் வண்டியை ஓட்டிக்கொண்டே சட்டைப் பையில் கைவிட்டு அட்டையை எடுத்தார். 70 என்று சின்னண்ணன் கையெழுத்து. பையில் திரும்ப வைக்காமல் என் கையில் கொடுத்தார்.

"எதுக்கு எங்கிட்ட? துவைக்கும்போது நானே பாத்துக்குவேனே" என்றேன்.

"தெரியும்" என்றார் சாலையைப் பார்த்தபடி. "நீ பாக்குறேன்னு தெரிஞ்சுதான் ஆறு வருசமா பையிலயே விட்டேன். வாயில நாப்பத்தஞ்சுன்னு வந்துருது. உங்கிட்டயாவது உள்ளதைச் சொல்லணும்ல?"

ஆறு வருடத்தில் எத்தனை அட்டையைக் கிழித்துப் போட்டிருப்பேன்! இதை மட்டும் மடிக்காமல் கைப்பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டேன்.